பட்டாப்பட்டிக்குள் ஒரு ரிவால்வர்

இடுப்பில் ரிவால்வர் வைத்திருக்கிற மனிதனைக் கண்டால் தெருநாய்கூட ஒதுங்கிப்போகும் என்று நான் நம்பினேன். சட்டைக்குள்ளே இருப்பது நாய்க்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. நடையில் தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் தானாக எழுந்திருப்பான், டீக்கடையில் நமக்கு முதலில் டீ வரும், சம்பந்தி வீட்டார் பேச்சைக் குறைப்பார்கள் என்றெல்லாம் கணக்கு. ஐம்பதைத் தாண்டிய ஆள், காலையில் சர்க்கரைக்கு ஒன்று, ராத்திரி பிரஷருக்கு ஒன்று என்று மாத்திரை விழுங்குகிறவன், இப்படி நம்பிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு நாமக்கல்லில் முட்டை வியாபாரம். பண்ணைகளில் முட்டை எடுத்து, லாரி ஏற்றி, கேரளாவுக்கு அனுப்புகிற வேலை. உலகத்திலேயே துப்பாக்கி தேவைப்படாத தொழில் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். வழிப்பறிக்காரன் லாரியை மறித்தாலும் எடுத்துக்கொண்டு ஓட முடியாத சரக்கு. ஓடினால் உடைந்துவிடும். வசூலும் இப்போதெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. என் சட்டைப் பையில் இருப்பது டீக்காசு. இந்த டீக்காசைக் காப்பாற்றத்தான் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். மோர் குடித்துவிட்டுக் கேட்டார்.

“உங்களுக்கு எதிரி யாருங்க?”

“எதிரின்னு யாருமில்லீங்க. எல்லார்த்து கூடவும் நல்லாத்தானுங்க இருக்கறேன்.”

“அப்பறம் எதுக்குங்க துப்பாக்கி?”

“யோசிச்சுச் சொல்றேனுங்க” என்றேன். உண்மையிலேயே யோசித்தேன். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தும் என்னை அடிக்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அடிக்கிற அளவுக்குக்கூட என்னை யாரும் மதிக்கவில்லை என்று தெரிந்தபோது வந்த அவமானம் இருக்கிறதே, அதற்காகவே லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. கடைசியில் ‘தொழில் நிமித்தம் பணத்துடன் பயணம்’ என்று காரணம் காட்டி, அலைந்து திரிந்து வாங்கினேன்.

துப்பாக்கி விற்ற கடைக்காரர் அதை என் கையில் வைத்துவிட்டு, பிரசவ வார்டில் நர்ஸ் சொல்வதுபோலச் சொன்னார்:

“இத வண்டியில உட்டுப்போட்டுப் போவாதீங்க. ஊட்டுக்காரம்மா கையிலகூடக் குடுக்காதீங்க. லைசென்ஸ் உங்க பேருல இருக்குது, வெளிய எடுத்துட்டுப் போனா சாமான் உங்க மேலயே இருக்கோணும். தொலஞ்சுதுன்னா லைசென்சும் போயிரும், நீங்களும் கோர்ட்டுக்கு நடக்கோணும்.”

முக்கால் கிலோ கனம். ஒரு தட்டு முட்டையில் பாதிகூட இல்லை. ஆனால் இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கிக்கொண்டேன். தோட்டாவும் ஒரு டப்பா வாங்கினேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தோட்டாவை உள்ளே போட்டுப் பார்த்தேன். போட்ட வேகத்தில் வெளியே எடுத்து, டப்பாவை மூடி, பீரோ லாக்கருக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. ஆகவே நான் சொல்லப்போகிற நாளில் என்னிடம் இருந்தது குண்டில்லாத துப்பாக்கி. நேர்மையாகச் சொன்னால் ஒரு சுத்தியல். அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு அவ்வளவு நடுங்கினேன் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே மகள். சேலத்தில் படிக்கப் போன இடத்தில் ஒரு பையனைப் பிடித்துப்போய், வீட்டுக்கு வந்து நேராகச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் நான் குதித்தேன். ‘எங்க மூஞ்சில கரி பூசீட்ட’ என்பது போன்ற வசனங்களையெல்லாம் பேசினேன். அவள் அழவில்லை, சாப்பிடாமல் இருக்கவில்லை, அதே பதிலையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் விசாரித்தால் பையனின் குடும்பம் திருச்செங்கோட்டுப் பக்கம், சொந்தமாக ரிக் வண்டி வைத்து வடக்கே போய் போர்வெல் போடுகிறவர்கள், சுற்றி வளைத்தால் எங்களுக்கே ஏதோ ஒறம்பரை, தூரத்துச் சொந்தம். என் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது. முறைப்படி இரண்டு குடும்பமும் பார்த்துப் பேசலாம் என்று முடிவாயிற்று. பையனின் அம்மா பிறந்த ஊர் பனமரத்துப்பட்டிப் பக்கம். அங்கே ஏரிக்கரைக் கோயிலில் பார்ப்பதாக ஏற்பாடு. நாங்கள் சமையல்காரரை வைத்துச் சாப்பாடு போட வேண்டியது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரிவால்வரை வெளியே எடுத்துப்போவதென்று நான் தீர்மானித்தேன்.

காரணம் கேவலமானது. அவர் ரிக் வண்டிக்காரர். நான் முட்டைக்காரன். அவர் பூமியைத் துளைக்கிறவர், நான் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்கிறவன். பக்கத்தில் நின்றால் எடுபட வேண்டாமா? என் திட்டம் இது. நான் வேட்டியை மடித்துக் கட்டுவேன். அப்போது சட்டை தற்செயலாக மேலே ஏறும். பிடி மட்டும் எட்டிப்பார்க்கும். சம்பந்தி பார்த்துவிடுவார். நான் பதறினாற்போலச் சட்டையை இழுத்து மறைப்பேன். ‘தொழில்ல அப்படி இப்படி இருக்குதுங்க’ என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான். இதைப் பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். கடையில் கொடுத்த தோலுறை பேண்ட் பெல்ட்டில் மாட்டுகிற வகை. பேண்ட் போட்டு வெளியே வந்தேன்.

“ஏனுங்க, அவங்கெல்லாம் வேட்டியில வருவாங்க, நீங்க ஆபீசர் மாதிரி பேண்ட்டு போட்டுட்டு நிப்பீங்களா? போயி மாத்துங்க” என்றாள் மனைவி.

மாற்றினேன். இங்கே ஒரு விஷயம். நான் கட்டுவது ஒட்டிக்கோ வேட்டி. இடுப்பில் சுற்றி ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். வயிறு வந்த பிறகு வேட்டி நிற்க அதைவிட்டால் எனக்கு வழியில்லை. அதன் மேல் அகலமான பச்சை பெல்ட். அந்த பெல்ட்டில் உறையை மாட்டி, மேலே வெள்ளைச் சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு காரில் ஏறினேன். ரிவால்வர் பீரோவில் பத்திரமாக இருப்பதாக மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. நான் முன்னால். பின்னால் மனைவியும் மகளும். ஊரைத் தாண்டியதும் மனைவி ஆரம்பித்தாள்.

“பையனோட அம்மா நம்மளப் பத்தி நல்லா விசாரிச்சிருக்கறாங்க. நம்ம பண்ணைக்காரர்கிட்ட, பால்காரர்கிட்ட, எல்லார்த்துகிட்டயும் ஒரே கேள்விதானாமா.”

“என்னவாம்? எத்தன பவுன் போடுவோம்னா?”

“அதெல்லாம் கேக்கவே இல்லியாமா. பொண்ணோட அப்பா அடிதடி ஆளா, கைய ஓங்கற ஆளான்னு கேட்டிருக்கறாங்க. அவங்க கூடப்பொறந்தவரு ஒருத்தரு ரவுடிக கூடச் சேர்ந்து சுத்தி, கத்தி வெச்சுட்டுத் திரிஞ்சு, குடும்பமே நாசமாப் போச்சாமா. முன்னால பையனுக்குப் பாத்த ஒரு எடம் எல்லாம் முடிஞ்சு, பொண்ணோட அப்பன் கார் சீட்டுக்கடியில அருவா வெச்சிருந்ததப் பாத்துட்டு, அப்படியே எந்திரிச்சு வந்துட்டாங்களாமா. தாம்பூலத்தக்கூடத் தொடலியாமா.”

என் மச்சினன் சிரித்தான். “நம்ம மாமாவுக்கு என்னக்கா. முட்டைய ஒடைக்கவே மனசு வராத ஆளு.”

மகள் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள். “அப்பா, இன்னிக்கு மட்டும் எதுவும் பேசிப்போட்டுறாதீங்கப்பா. உங்க ஜோக்கெல்லாம் வேண்டாம். சும்மா சிரிச்சுட்டே நில்லுங்க போதும்.”

“செரி சாமி” என்றேன். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். இடுப்பில் இருந்த இரும்பு திடீரென்று குளிர்ந்தது. காரைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்லித் திருப்புவது? நல்ல நேரம் தப்பிவிடும். காரிலேயே விட்டுவிடலாம் என்றால் கடைக்காரர் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, ‘கோர்ட்டுக்கு நடக்கோணும், கோர்ட்டுக்கு நடக்கோணும்’ என்கிறார். அதிலும், கார் சீட்டுக்கடியில் பார்த்துத்தான் அந்த அம்மா போன தடவை எழுந்து போயிருக்கிறார். ஊரைப் பயமுறுத்த வாங்கிய சாமான். கோயில் வருவதற்குள் என்னைத் தவிர ஊரில் அதற்குப் பயப்பட ஆளில்லை.

கோயிலில் நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். சமையல் நடக்கிற இடத்தைப் பார்க்கிற மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்காவது ஒளித்து வைக்க இடமிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். உண்டியல்வரைக்கும் யோசித்துவிட்டேன். அதற்குள் அவர்கள் கார் வந்து நின்றது.

பெரிய மனிதர்களைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கும்பிடுவதற்கு முன்னால் வருகிற கும்பிடு அது. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். என் கையும் போனது. மடிப்பை உதறி இறக்கினேன். வேட்டியோடு பச்சை பெல்ட்டும் ஒரு பக்கமாக இறங்கியது. அந்தக் கனத்துக்கு ஒட்டிக்கோ தாங்குமா? ‘கர்ர்ர்’ என்று பிரிந்தது. இரண்டு கையாலும் இடுப்பை அள்ளிப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தியும் அவர் மனைவியும் காரிலிருந்து இறங்கிக் கை கூப்பியபோது, மகளைப் பெற்றவன் கூனிக் குறுகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டியபடி பின்னாலேயே நடந்து கோயில் மூலையில் மறைந்துபோனான். மகள் சிரித்துக்கொண்டே நிற்கச் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் போனேன்.

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மச்சினன் ஓடி வந்தான்.

“என்னாச்சு மாமா? வயிறு செரியில்லீங்களா?”

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தான். குழாயடிச் சிமெண்டுத் திட்டில் அப்படியே உட்கார்ந்துகொண்டான். முதலில் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பொண்ணு பாக்கறதுக்குத் துப்பாக்கி கொண்டாந்த மொத ஆளு நீங்கதானுங் மாமா. பேச்சு முடியலீன்னா சுட்டுப்போடலாம்னா?”

“மாப்ள, வெளையாடாத. இத சித்த நேரம் வெச்சுக்கடா.”

சிரிப்பு நின்றது. “அய்யோ, நான் மாட்டேன். லைசென்ஸ் உங்க பேருல. நான் தொட்டா நான் உள்ள போவேன். எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குது மாமா.”

உறையை மட்டும் வாங்கிக்கொண்டான். அதுவும் தோலுறைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று நான் சத்தியம் செய்த பிறகு. ரிவால்வரை வைக்க என் உடம்பில் மிச்சமிருந்த இடம் ஒன்றுதான்.

நான் பட்டாப்பட்டி போடுகிறவன். கோடு போட்ட தொளதொள அரைக்கால் டிராயர். வயசுப் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதில் வலது தொடைப்பக்கம் ஆழமாக ஒரு பை இருக்கும். சந்தைக்குப் போகிறவன் பணத்தை அதில் போட்டுக்கொண்டால் எந்தத் திருடனும் கை வைக்க யோசிப்பான். முக்கால் கிலோ இரும்பை அந்தப் பைக்குள் இறக்கி, டிராயர் நாடாவை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டு, வேட்டியைச் சுற்றி ஒட்டி, பெல்ட்டை இறுக்கினேன். துப்பாக்கி தயாரித்தவனுக்கு இந்த இடம் கனவிலும் வந்திருக்காது.

“நடந்து பாருங்க” என்றான் மச்சினன்.

நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் அது முன்னால் போய், திரும்பி வந்து, முட்டிக்கு மேலே ‘தொப்’பென்று அடித்தது. வலது கையால் தொடையை அழுத்திப் பிடித்தால் அடிக்கவில்லை. காலைக் கொஞ்சம் இழுத்து, அகட்டி வைத்தால் இன்னும் நல்லது. ஊரை நடுங்கவைக்கிற நடை ஒன்றை மனசில் வைத்திருந்தேன் அல்லவா? அது இப்படித்தான் வெளியே வந்தது.

மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத முடியாது. உள்ளே குண்டில்லை என்று எனக்குத் தெரியும். டப்பா பீரோவில் இருப்பது தெரியும். சாவி என் அரைஞாணில் தொங்குவதும் தெரியும். இருந்தும், போட்டு எடுத்த அந்த ஒரு குண்டை உண்மையிலேயே எடுத்தோமா என்று மனசு கேட்க ஆரம்பித்தது. எடுத்தேன். எடுத்தேனா? எடுத்ததை டப்பாவில் வைத்தேனா, வைக்க நினைத்தேனா? ஐயர் மணியை அடித்தார். நான் ஜமுக்காளத்தைவிட்டு ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தேன். பையனின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளும் பையனும் ஜோடியாக வந்து பெரியவர்கள் காலில் விழுந்தார்கள். எழுந்து நின்ற என் காலிலும் விழுந்தார்கள். மகளைத் தூக்கினேன். பையன் தானாக எழுந்தான், நிமிர்கிற வேகத்தில் அவன் நெற்றி என் தொடையில் ‘டொக்’கென்று மோதியது. தொடையிலிருந்து வரக்கூடாத சத்தம். நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டான்.

“போனுங்களா மாமா?”

“ஆமாங்க மாப்பிள்ள. பழைய மாடலு.”

நல்ல பையன். அதற்கு மேல் கேட்கவில்லை. மகளுக்கு நல்ல இடம்தான் என்று அந்த நிமிஷத்தில்தான் முழுசாக ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் பந்தி. விருந்து போடுகிறவன் தானும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. இலை இலையாகப் போய், குனிந்து, ‘போதுங்களா, இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா’ என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்காவிட்டால் ஏழு வகைப் பாயசம் போட்டாலும் மரியாதை தெரியாத வீடு என்று பெயர். இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையால் தொடையைப் பிடித்து, ஒரு காலை இழுத்து இழுத்து, வரிசை முழுக்கக் குனிந்து குனிந்து போனேன். நாடா மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்தால் என்னவாகும் என்று மனசுக்குள் பார்க்க ஆரம்பித்தேன். ரசம் ஊற்றுகிற நேரத்தில், பையனின் அம்மா இலைக்கு முன்னால், தரையில் ‘ணங்’கென்று விழும். அவர் எழுந்திருப்பார். தாம்பூலத்தைத் தொடமாட்டார். மகள் ஒன்றும் சொல்லமாட்டாள், என்னை ஒரு பார்வை பார்ப்பாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து ஒருவர் இலையில் சொட்டியது. அவர் மோர் என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் குறுக்கே வைத்துப் போதும் என்றார்.

இரண்டு இலை தள்ளிப் பையனின் அம்மா மச்சினனைக் கூப்பிடுவது கேட்டது.

“ஏனுங்க தம்பி, உங்க மாமாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா? வந்ததுல இருந்து பாக்கறேன், வயித்தப் புடிக்கறாரு, தொடையப் புடிக்கறாரு, ஒக்கார முடியாம ஒக்கார்றாரு.”

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கையில் சாம்பார் வாளி. குரலைத் தாழ்த்தினான்.

“வெளிய சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கறாருங்க. அவருக்குக் குடலெறக்கமுங்க.”

நான் இலைமேல் குனிந்தபடியே நின்றுவிட்டேன்.

“அடப் பாவமே. ஆப்பரேசன் பண்ணலீங்களா?”

“புள்ளை கல்யாணம் முடியட்டும்ங்கறாருங்க.”

வாளியோடு என்னைக் கடந்துபோகும்போது காதோரம் சொன்னான். “மாமா, இனிமேல்ட்டு உங்களுக்குக் குடலெறக்கம். மறந்துறாதீங்க. வலது பக்கம்.”

சாப்பாடு முடிந்து கை கழுவினதும் சம்பந்தி வந்து என் தோளில் கை போட்டார். அதிகம் பேசாத மனிதர். “வாங்க, ஏரியப் பாத்துட்டு வரலாம்” என்று கரைமேல் கூட்டிப்போனார். மேட்டில் ஏறும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எந்த மனிதனைப் பயமுறுத்த இதைக் கட்டிக்கொண்டு வந்தேனோ, அந்த மனிதன் என்னை நோயாளியைப்போலக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்.

“மறைக்காதீங்க. எனக்கும் வந்துச்சுங்க. ரிக்குப் பைப்பு தூக்கித் தூக்கி எறங்கிப்போச்சு. வெக்கப்பட்டுட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்து கெடந்து அவஸ்தப்பட்டேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு டாக்டருகிட்ட ஆப்பரேசன் பண்ணினேன், இப்பப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கறேன்.”

தழும்பைக் காட்டுவதற்கு வேட்டியில் கை வைத்தார். “வேண்டாமுங்க, நம்பறேனுங்க” என்றேன்.

“எங்க ஊட்டுல கேக்கச் சொன்னா. தப்பா எடுத்துக்காதீங்க. வேற பெரிய நோவு, பரம்பரையா வர்றது அப்படி இப்படி இல்லீங்களே? இது தூக்கறதுல வர்றதுதானுங்களே?”

“தூக்கறதுல வந்ததுதானுங்க” என்றேன். காலையிலிருந்து முக்கால் கிலோ தூக்கிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை.

“அதான பாத்தேன். நீங்க பந்தி விசாரிச்சதப் பாத்துட்டு அவ என்ன சொன்னா தெரியுங்களா? இத்தன வலியோட ஒவ்வொரு எலைக்கும் வந்து குனியறாரு பாருங்க, இவுரு போயி அடிதடி ஆளுன்னு எவனாச்சும் சொல்லுவானா, அப்படீன்னா. ரெண்டு நாளா நானும் அதத்தான் சொல்லீட்டு இருந்தேன், கேக்கல. இப்ப அவளே சொல்றா.”

நல்ல மனிதர்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ‘சம்பந்தி, இது குடலில்லீங்க’ என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். அப்போது கரைக்குக் கீழே பார்த்தேன். கார் பக்கத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். ஒரு கவர் நிறைய மல்லிகைப் பூ. என் மகளைத் திரும்பி நிற்கச் சொல்லி, தலையில் வைத்துவிட்டுக்கொண்டிருந்தார். மகள் கழுத்தைக் குனிந்து நின்றிருந்தாள். ஒரு வருஷம் என் கத்தலையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற அதே கழுத்து.

“எந்தப் பக்கமுங்க?” என்றார் சம்பந்தி.

“வலது பக்கமுங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து கட்டில்மேல் ரிவால்வரை எடுத்து வைத்தபோது மனைவி பார்த்துவிட்டாள். அவள் கேட்டதையெல்லாம் எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். சுருக்கம் இதுதான்: “தூ, நீங்கெல்லாம் ஒரு மனுசனுங்களா?” மச்சினன் தோலுறையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, குடலிறக்கக் கதையையும் சொல்லி முடித்தான். மனைவி சிரிக்கவில்லை. மகள் கதவில் சாய்ந்து நின்றாள். தலையில் அந்தப் பூ இருந்தது.

“அப்பா, அவங்க பாத்திருந்தா?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நாலு பேர் கூடினால் நாற்பது ஜோக் சொல்கிறவன் நான். ரிவால்வரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டுவதற்கு முன்னால் தோட்டா டப்பாவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது, அந்த ஒன்று உட்பட.

இப்போதும் கல்யாண மண்டபங்களில் சிலரைப் பார்க்கிறேன். சட்டை இடுப்பில் புடைத்திருக்கும். அடிக்கடி கை அங்கே போய்த் தொட்டுப் பார்க்கும். வீரன் என்று சுற்றி நிற்கிறவர்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பாவம், விழுந்துவிடுமோ என்று பார்க்கிறான். பாத்ரூம் போவதற்கு அவனுக்கு ஒரு தனித் திட்டம் வேண்டும். குழந்தை ஓடி வந்து கட்டிக்கொண்டால் கோணி நிற்பான். நாய் வந்தால் அவன்தான் ஒதுங்குவான்.

சம்பந்தி விடவில்லை. அடுத்த வாரமே சேலத்துக்குக் கூட்டிப்போய் அந்த டாக்டர் முன்னால் உட்காரவைத்தார். டாக்டர் படுக்கவைத்து, இருமச் சொல்லி, அழுத்திப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்றார். வெளியே வந்து, “ஆரம்ப நெலையாமுங்க, கனமா எதுவும் தூக்காம இருந்தாப் போதுமாமுங்க” என்றேன். தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். முதல் ஆளாகப் போய்க் கொடுத்தேன். தேர்தல் முடிந்து வாங்கிக்கொள்ளச் சொன்னபோது, லைசென்ஸையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகளின் கல்யாணம் தை மாதம் நடந்தது. துப்பாக்கியைச் சம்பந்தி வீட்டில் இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. மண்டபத்தில் ஒரு மூட்டை தேங்காயை நகர்த்தப் போனேன். சம்பந்தியின் மனைவி எல்லார் முன்னாலும் ஓடி வந்து தடுத்து, என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்.